நனைய மறுத்த அடுப்பு

உங்கள் வீட்டு அடுப்பில் உங்கள் கையாலேயே ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, "ஐயோ, வெள்ளம் வந்து அடுப்பை அழித்துவிட்டதே" என்று அழுதிருக்கிறீர்களா? இல்லையென்று அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். பள்ளக்கரை ஆட்களும் கேட்ட உடனே அப்படித்தான் தலையாட்டுவார்கள்.

பள்ளக்கரை மன்னார்த் தீவின் தென்கரையில் கிடக்கும் ஒரு மீன்பிடிக் குடியிருப்பு. ஒரு பக்கம் மணல் மேடு, அதற்கு அப்பால் கடல். மறுபக்கம் தலைமன்னார் றோட்டு. இரண்டுக்கும் நடுவில் சோற்றுக் கோப்பை போலக் குழிந்த நிலம். கோப்பையின் அடியில் வீடுகள். கடலை விடத் தாழ்ந்த ஊர் என்று சொல்ல முடியாது. உயர்ந்த ஊர் என்று சத்தியம் பண்ணவும் முடியாது. விழும் மழை வெளியேற ஒரு வாய்க்கால் உண்டு. அது வண்டிப்பாதையைக் கடக்கும் இடத்தில் ஒரு மதகு. அந்த மதகுக்குள் கிழிந்த வலை, தேங்காய் மட்டை, உடைந்த சட்டி, யாரோ ஒருவருடைய கட்டில் கால் என்று ஊரின் வரலாறே அடைந்து கிடந்தது. அதை யார் துப்புரவாக்குவது என்று கேட்டால் ஊருக்கே ஒரு பதில் பாடமாக இருந்தது: "மதகு கவுண்மேந்தின்ர. வெள்ளம் கடவுளின்ர. நிவாரணம் எங்கட."

இந்த ஊரில் கருவாடு போட்டுப் பிழைத்தவள் அன்ரோனெற். மீனைப் பிளக்கும்போது கத்தி நேரே நடுமுள்ளைத் தேடிப் போகிற மாதிரித்தான் அவளுடைய பேச்சும் போகும். அதனால் அவளோடு பேச ஆட்கள் குறைவு. அவளுடைய கணவன் கிறகரி நேர் எதிர். ஊர் சிரித்தால் சிரிப்பான், ஊர் அழுதால் அழுவான், காரணத்தைப் பிறகு மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான். ஒரே மகள் றோஸ்மேரி. மருமகன் தொழிலுக்குச் சிலாபம் போயிருந்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. பாண் ரொட்டிக்கு விடியுமுன் வரிசையில் நின்ற காலம். ஒரு மூட்டை கோதுமை மா என்றால் ஒரு மூட்டைத் தங்கம்.

அடுப்புக் கதை அதற்கும் முந்தியது. ஒரு பெருவெள்ளத்தின் போது அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார். அடுப்பு நனைந்தவர்களுக்கு மட்டும் மா கொடுத்தார். சமைக்க முடியாதவனுக்குத்தானே உதவி வேண்டும் என்பது அவருடைய நியாயம். அடுத்த வெள்ளத்தில் ஒரு வீட்டில் மட்டும் அடுப்பு நனையவில்லை. அந்த வீட்டுக்காரி ஊருக்கெல்லாம் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். உத்தியோகத்தர் அதைக் கண்டார். "ஓர் அடுப்பு எரிந்தாலும் இது சமைக்க வல்ல ஊர். சமைக்க வல்ல ஊருக்கு நிவாரணம் இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய், அதையே சுற்றுநிருபமாகவும் எழுதி வைத்தார். கஞ்சி குடித்த வாய்களெல்லாம் அன்று பின்னேரமே அந்தப் பெண்ணைத் திட்டின.

அதிலிருந்து பள்ளக்கரை ஒரு பாடம் கற்றுக்கொண்டது. எதைச் செய்தால் மா கிடைக்கும் என்ற பாடத்தை மனிதர்கள் எவ்வளவு விரைவாகக் கற்கிறார்கள், எதைச் செய்தால் வெள்ளம் வராது என்ற பாடத்தை எவ்வளவு மெதுவாகக் கற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளம் அடுப்பு வரை ஏறுமோ ஏறாதோ என்று எதற்காகக் காத்திருக்க வேண்டும்? கோயில் மூப்பர் பேதுரு அதை ஒழுங்குபடுத்தினார். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பு நனைப்பு. கிணற்றுத் தண்ணீர் ஆகாது. கோயில் கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீர்தான். நாளடைவில் அதற்கென்று ஒரு செபம் வந்தது, செபத்துக்கு ஒரு மெட்டு வந்தது. யாருடைய குடம் பெரிது என்று பெண்களுக்குள் போட்டியும் வந்தது. மாதத்துக்கு ஒரு முறை வந்துபோகும் சுவாமியார் கேட்டபோது, "பாலனுக்காக அடுப்படியைக் கழுவுறம் சுவாமி" என்றார்கள். சுவாமியார் ஊரின் துப்புரவைப் பாராட்டிப் பிரசங்கம் வைத்தார்.

நனைத்த பிறகு ஊர் பாயைச் சுருட்டிக்கொண்டு, றோட்டோரமாக உயரத்தில் நின்ற பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். அங்கே வெள்ளம் வற்றும் மட்டும் சீட்டுக் கடதாசி விளையாட்டு, பாட்டு, கலியாணப் பேச்சு. சில வருடங்களில் மழை பிந்தும். அப்போது முற்றத்தில் வெயில் எறிக்க, நனைந்த அடுப்புகளோடு ஊர் முழுவதும் பள்ளிக்கூடத்தில் இருந்து வெள்ளத்துக்காகச் செபமாலை சொல்லும். மதகை யார் துப்புரவாக்குவான், சொல்லுங்கள்?

இந்தப் பள்ளிக்கூடத்தில்தான், முந்திய வெள்ளத்தில், பக்கத்து வீட்டுச் செலீனா பிள்ளை பெற்றாள். கரும்பலகையை மறைப்பாக நிறுத்தி, அதன் பின்னால். சுடுதண்ணீர் இல்லை. ஊரில் ஓர் அடுப்பும் எரியவில்லை. பிள்ளை தப்பியது, செலீனா அந்தத் தைமாதம் முழுவதும் காய்ச்சலில் கிடந்து எலும்பும் தோலுமாக எழுந்தாள். கரும்பலகைக்கு இந்தப் பக்கம் நின்று அந்த முனகலை அன்ரோனெற் கேட்டிருந்தாள்.

ஆகவே, றோஸ்மேரி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று அன்ரோனெற் விரல் மடித்துப் பார்த்தாள். பிறகு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கிறகரியிடம் வந்தாள்.

"இஞ்சருங்கோ, பிள்ளைக்கு மார்கழியில நாள்."

"நல்லதுதானே. பாலன் பிறக்கிற மாசம்."

"பாலன் மாட்டுக் கொட்டிலில பிறந்தார். மாட்டுக் கொட்டில் காய்ஞ்சு கிடந்தது. எங்கட வீடு காய்ஞ்சு கிடக்காது."

"அதுக்கு என்ன செய்யச் சொல்லுறாய்?"

"வீட்டைத் தூக்குவம்."

கிறகரி கூரையைப் பார்த்தான். "எங்க?"

"மேல."

வேலை சித்திரையில் தொடங்கியது. வளவின் ஓரமாகக் கடற்பக்கம் நோக்கித் தண்ணீர் ஓட ஒரு கான் வெட்டி, வெட்டிய மண்ணை வீட்டுக்குப் பக்கத்தில் குவித்தார்கள். மண் போதவில்லை. கரையில் கிடந்த சிப்பிக் கோதும் முருகை என்ற பவளக் கல்லும் தேவைப்பட்டன. அவற்றைச் சுமக்க, றோட்டில் திரிந்த கழுதை ஒன்றை அன்ரோனெற் பிடித்து, இரண்டு பக்கமும் பனையோலைக் கடகம் கட்டினாள். மன்னாரில் கழுதைகளுக்குச் சொந்தக்காரர் கிடையாது. சுமை ஏற்றிப் பாருங்கள், உடனே ஒருவர் முளைப்பார். மூப்பரின் மைத்துனர் யோகராசா முளைத்தார்.

"அது என்ர கழுதை."

"எப்பதொட்டு?"

"நீ கடகம் கட்டினதிலயிருந்து."

"அப்ப நேற்று என்ர பாயைத் தின்ட கழுதை?"

யோகராசா கழுதையின் முகத்தை உற்றுப் பார்த்தார். "அது வேற கழுதை."

ஆவணிக்குள் ஆளுயரத்தில் ஒரு மேடு எழும்பியது. பழைய வீட்டைப் பிரித்து, அதே மரம், அதே ஓலையில் மேட்டின் மேல் திரும்பக் கட்டினார்கள். தரையைச் சற்றுச் சரிவாக மெழுகினாள் அன்ரோனெற். சாரல் அடித்தாலும் தண்ணீர் வாசலால் வழிந்து போக வேண்டும். கிறகரி முதல் நாள் மேட்டில் ஏறிப் படுத்தவன், கடற்காற்று வந்து வயிற்றைத் தடவியதும், "இதை முந்தியே செய்திருக்கலாம்" என்றான். பிறகு யாராவது கேட்டுவிட்டார்களோ என்று சுற்றிவரப் பார்த்தான்.

மூப்பர் பேதுரு வந்தார். மேட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அன்ரோனெற், பாபேல் கோபுரம் கட்டினவைக்கு என்ன நடந்ததெண்டு தெரியுந்தானே?"

"தெரியும் மூப்பரையா. ஒருத்தற்ற பாஷை மற்றவைக்கு விளங்காமல் போச்சுது. இஞ்ச ஏற்கெனவே அப்பிடித்தான் கிடக்கு. மதகைத் துப்புரவாக்குவம் எண்டு நானும் எத்தினை வருசமாச் சொல்லுறன், ஆருக்கும் விளங்கேல்லையே."

"வெள்ளம் கடவுளின்ர சோதனை. அதுக்கு மேல ஏறி நிக்கிறது அகங்காரம்."

"அப்ப குடை பிடிக்கிறதும் அகங்காரமோ? உங்கட கக்கத்தில என்ன?"

மூப்பர் கக்கத்திலிருந்த குடையைப் பின்பக்கம் மறைத்துக்கொண்டார். "கதையை விடு. ஆகமன ஞாயிறு அடுப்பு நனைப்புக்கு மட்டும் தவறாதை."

அவள் தவறினாள். ஊரெல்லாம் பாடி நனைத்த அன்று அவளுடைய அடுப்பில் திரளிமீன் குழம்பு கொதித்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாவத்தின் மணம் அது. நல்ல புளியும் இறங்கியிருந்தது.

பிறகு மழை வந்தது. இந்த முறை செபமாலைக்கு வேலை வைக்காமல், கேட்டதற்கு மேலாகவே வந்தது. மதகு அடைத்துக்கொண்டு நின்றது. கோப்பை நிரம்பியது. வீடுகளின் சுவரில் பாதிமட்டும் தண்ணீர் ஏறியது. அடுப்புகள் எல்லாம் அடியில் கிடந்தன. அன்ரோனெற்றின் மேடு மட்டும் நடுவில் ஒரு குட்டித்தீவு. சொந்தக்காரரில்லாத கழுதைகள் நாலைந்து அதன் சரிவில் வந்து நின்றன. சொந்தம் கொண்டாட அன்று யாரும் வரவில்லை.

உத்தியோகத்தர் வருகிறார் என்று செய்தி வந்த காலையில்தான் றோஸ்மேரிக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கியது. எருக்கலம்பிட்டியிலிருந்து மருத்துவிச்சி சபூராவைத் தோணிக்காரன் பக்கீர் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தான். சபூரா படியேறி வந்து, தரையில் காலை அழுத்திப் பார்த்தாள். "அல்ஹம்துலில்லாஹ். இத்தினை வருசத்தில வெள்ள நாளில ஒரு வீட்டில காய்ஞ்ச தரையை இண்டைக்குத்தான் மிதிக்கிறன். அடுப்பை மூட்டு தங்கச்சி. பெரிய பானை வை. அணைய விட்டிடாதை."

அன்ரோனெற் மூட்டினாள். ஈர விறகு. புகை ஓலைக்குள்ளால் எழும்பி, வெள்ளத்தின் மேல், பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்தால் தெரியக்கூடிய ஒரே உயரமான பொருளாக நின்றது.

பள்ளிக்கூடம் கலங்கியது. கொஞ்ச நேரத்தில் மூப்பர் முன்னே, யோகராசா பின்னே, அவர்களுக்குப் பின்னால் தலையில் மழைத் தண்ணீர்க் குடங்களோடு ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம், நெஞ்சளவு வெள்ளத்தைக் கடந்து மேட்டுக்கு வந்தது. தேங்கி நின்ற வெள்ளத்துக்கு நடுவில், ஒரு வீட்டை நனைப்பதற்காகத் தண்ணீர் சுமந்து வந்த கூட்டத்தை உலகத்தில் வேறு எங்கேனும் கண்டிருக்கிறார்களோ தெரியாது. அந்தக் கூட்டத்தில் கிறகரியும் நின்றான். பள்ளிக்கூடத்துக்குப் பாய் இரவல் கேட்கப் போனவன். கையில் ஒரு குடத்தைக் கொடுத்ததும் மறுக்கத் தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"நீங்களுமோ?" என்றாள் அன்ரோனெற்.

"எல்லாரும் தூக்கினவை..." என்றான் கிறகரி.

மூப்பர் கை கூப்பினார். "பிள்ளை, அணை. ஊர் முழுக்கப் பசியில கிடக்கு. பாணில்லாத காலம். உன்ர ஒரு அடுப்பால முழு ஊரின்ர மாவும் போகப் போகுது."

"உள்ளுக்குப் பிள்ளை துடிக்குது மூப்பரையா. சுடுதண்ணி வேணும்."

"காய்ச்சிப்போட்டு அணை. உத்தியோகத்தர் போனபிறகு மூட்டு. எத்தினை மணிக்குப் பிறக்கும்?"

சபூரா வாசலுக்கு வந்தாள். "அதை அதுக்கிட்டத்தான் கேக்கோணும்."

மூப்பர் மெய்யாகவே குனிந்து, உள்ளே பார்த்து, "மகள் றோஸ்மேரி, மத்தியானத்துக்குப் பிறகு எண்டால் ஏலுமோ?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து வந்த சத்தத்தை மறுமொழி என்று சொல்ல முடியாது. ஆனால் மூப்பர் பின்வாங்கினார்.

"பச்சைத் தண்ணியில பிள்ளை பெறுவிக்க நான் என்ன மீனோ பிடிக்கிறன்?" என்றாள் சபூரா. "போன வெள்ளத்தில உங்கட பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டவை. ஒரு சொட்டுச் சுடுதண்ணி கேட்டனான். மூப்பர், நீங்கள் என்ன தந்தனீங்கள்? செபமாலை தந்தனீங்கள். அந்தச் செலீனா மௌத்தாகாமல் உயிரோட எழும்பினது அல்லாட காவல்."

யோகராசாதான் பொறுமை இழந்தார். "என்ன கதை! ஊத்துங்கோடா!" என்று சொல்லித் தன் குடத்தை வாசலுக்குள் வீசி ஊற்றினார். தண்ணீர் தரையில் ஓடியது, சரிவில் திரும்பியது, வாசலால் வழிந்து அவருடைய காலிலேயே விழுந்தது. இன்னொருவன் ஊற்றினான். அதுவும் திரும்பி வந்தது. "இவள் தண்ணியும் நிக்காத வீடல்லோ கட்டி வைச்சிருக்கிறாள்!" என்று யோகராசா கத்தினார். அப்படிக் கத்தியது குற்றச்சாட்டாகத்தான்.

"வாசலில ஒரு வரம்பு கட்டினால் நிக்கும்," என்று யாரோ ஆலோசனை சொன்னார். இரண்டு பேர் உடனே மண் அள்ளக் குனிந்தார்கள். வருடக் கணக்கில் மதகுக்கு ஒரு மண்வெட்டி எடுக்காத கைகள், ஒரு வீட்டுக்குள் தண்ணீரைத் தேக்குவதற்கு எவ்வளவு சுறுசுறுப்பாக எழுந்தன!

அன்ரோனெற் அடுப்புக்கு முன்னால் போய்க் குந்தினாள். "அடுப்பில ஊத்திறவை முதல் என்ர தலையில ஊத்துங்கோ," என்றாள். பானை இப்போதுதான் சிணுங்கத் தொடங்கியிருந்தது. உள்ளறையில் றோஸ்மேரி, "அம்மா, அம்மா" என்றாள். கிணறு வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. பானையில் இருந்தது பாதித் தண்ணீர்தான். அது போதாது என்று சபூரா இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

செலீனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு குடத்தோடு உள்ளே வந்தாள். மூப்பரின் முகம் மலர்ந்தது. "ஊத்து பிள்ளை. நீ கஷ்டம் தெரிஞ்சனி."

செலீனா அன்ரோனெற்றைப் பார்த்தாள். பிறகு குடத்தைச் சரித்து, ஒரு சொட்டும் சிந்தாமல், அடுப்பின் மேலிருந்த பானைக்குள் ஊற்றினாள்.

"ஊத்தச் சொன்னியள்," என்றாள் மூப்பரிடம். "ஊத்திப்போட்டன்."

இந்த நேரத்தில்தான் இப்போதைய உத்தியோகத்தர் அமிர்தநாயகத்தின் தோணி வந்தது. தோணிக்குள் ஒரு கதிரை, கதிரையில் அவர், மடியில் செருப்பு. ஒவ்வொரு வீட்டருகிலும் தோணியை நிறுத்தி, குடையின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, அடுப்பு இருக்க வேண்டிய இடத்தைத் துழாவி, "நனைஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். முழு வீடும் தண்ணீரில் நின்றது. கூரையில் கோழி நின்றது. அவருக்கு அடுப்புத்தான் வேண்டும்.

கூட்டம் புகையை மறைக்கப் பார்த்தது. இரண்டு பெண்கள் பாயை விரித்துப் பிடித்தார்கள். யோகராசா, "மார்கழிப் பனி ஐயா, மார்கழிப் பனி!" என்று கூவினார். மூப்பர் கீர்த்தனை ஒன்றை எடுத்துவிட்டார். அமிர்தநாயகம் குளிரில் விறைத்திருந்தார். புகையைக் கண்டதும் அவருடைய கண் கலங்கிவிட்டது.

"தேத்தண்ணி கிடைக்குமோ அம்மா?"

அன்ரோனெற் ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து, தேயிலை போட்டு, இஞ்சி தட்டி, பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தாள். அவர் மேட்டில் ஏறி, அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, கையைச் சூடாக்கிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தார். கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு கடமை நினைவு வந்தது.

"இது எரியுது," என்றார்.

"ஓம் ஐயா."

"அப்ப இந்த ஊருக்கு வெள்ளம் இல்லை."

கூட்டத்திலிருந்து ஒரு ஓலம் எழுந்தது. அன்ரோனெற் எழுந்து நின்றாள்.

"ஐயா வந்தது எதில?"

"தோணியில."

"தோணி எதில மிதந்தது?"

"தண்ணியில."

"அப்ப?"

"தண்ணி இருக்கு," என்றார் அமிர்தநாயகம் பொறுமையாக. "வெள்ளம் இருக்கோ இல்லையோ எண்டதை அடுப்புத்தான் சொல்லும். அது கந்தோர்ச் சுற்றுநிருபம். நான் எழுதினதில்லை."

"எழுதினவர் எங்க?"

"பென்சன் எடுத்து இளைப்பாறிப் போனார்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. அதைச் சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர் ஒருவரைக் கெட்ட விதி ஒன்றின் கதிரையில் இருத்திவிட்டால் என்ன நடக்கும் என்பதை அன்று எல்லாரும் கண்டார்கள். அவர் பசித்த முகங்களைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். ஒரு யோசனை அவருடைய நெற்றியில் ஏறி வருவது தெரிந்தது.

"வெள்ளத்துக்குள்ள கிடக்கிற வீடுகள்தானே பள்ளக்கரை?"

"ஓம் ஐயா, ஓம்," என்றார் மூப்பர்.

"இந்த வீடு வெள்ளத்துக்குள்ள இல்லை."

"இல்லை ஐயா!"

"அப்ப இந்த வீடு பள்ளக்கரை இல்லை. பள்ளக்கரையில எல்லா அடுப்பும் நனைஞ்சிட்டுது. எல்லாருக்கும் மா."

சனம் ஆரவாரித்தது. அன்ரோனெற் கேட்டாள்: "அப்ப நான் எந்த ஊர் ஐயா?"

"அது என்ர பகுதிக்குள்ள வராது அம்மா."

அதே நேரம் உள்ளறையிலிருந்து ஒரு அழுகை கேட்டது. மெலிந்து தொடங்கி, வர வரக் கோபம் கூடிய அழுகை. சபூரா சுடுதண்ணீரில் கழுவிய ஒரு சிவந்த உருண்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"பொம்பிளைப் பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். கவுண்மேந்து சொல்லட்டும், இது எந்த ஊர்?"

உத்தியோகத்தர் வாய் திறக்குமுன், எங்கே மா போய்விடுமோ என்ற பயத்தில், மூப்பர் கத்தினார்: "எங்கட ஊர் இல்லை! எங்கட ஊர் இல்லை!"

கத்திய பிறகு அவருக்கே கேட்டது. குடங்களோடு நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அப்போது, வாழ்நாளில் ஊரோடு ஒத்துப்போவதைத் தவிர வேறொன்றும் செய்தறியாத கிறகரி, கையிலிருந்த குடத்தை மேட்டின் சரிவில் கவிழ்த்தான். வெறும் குடத்தை மனைவியின் காலடியில் வைத்தான்.

"அப்ப நானும் இல்லை," என்றான்.

மா தைப்பொங்கல் கழிந்து, வெள்ளமும் வற்றி, அடுப்பெல்லாம் காய்ந்த பிறகு வந்தது. வண்டு விழுந்திருந்தது. ஊர் சலித்துத் தின்றது. அன்ரோனெற்றுக்குக் கிடைக்கவில்லை; இல்லாத ஊரில் இருப்பவளுக்கு எதைக் கொடுப்பது? ஒரு காலை செலீனா ஒரு சுண்டு மாவோடு மேடேறி வந்தாள்.

"இதை உனக்குத் தர வந்தனான் எண்டு நினையாதை. கடகம் இரவல் கேக்க வந்தனான்."

அந்தக் கோடையில் செலீனாவின் வீடு உயர்ந்தது. மார்கழியில் உத்தியோகத்தர் வந்து பார்த்து, அவளையும் பள்ளக்கரையிலிருந்து நீக்கினார். அடுத்த கோடையில் இன்னும் சிலர். வெள்ளத்தை விட்டு மேலேறிய ஒவ்வொரு குடும்பமும் கந்தோரின் கண்ணிலிருந்து மறைந்தது. ஊரின் சனத்தொகை வருடத்துக்கு வருடம் விழுவதைக் கண்டு பயந்து, தொற்றுநோயோ என்று விசாரிக்க ஒருவரை அனுப்பினார்கள். அவர் வந்தபோது, இல்லாத ஆட்கள் இருபது முப்பது பேர் மதகுக்குள் இறங்கிக் கிழிந்த வலையையும் தேங்காய் மட்டையையும் இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். "இஞ்ச பள்ளக்கரை ஆக்கள் ஆர்?" என்று கேட்டார். எல்லாரும் சேற்றுக் கையால் மூப்பரின் வீட்டைக் காட்டினார்கள்.

விதி எழுதியவனை மன்னிக்க என்னால் முடியவில்லை. மூழ்குகிறவனுக்கு மா, நீந்துகிறவனுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு அவன் ஓய்வூதியத்தோடு இளைப்பாறிவிட்டான். அந்தச் சுற்றுநிருபம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அடுப்பில் தண்ணீர் ஊற்றிய கை கந்தோரின் கையல்ல. மதகில் கட்டில் காலைச் செருகியது கடவுளுமல்ல. கடலோரத்தில் குடியிருக்க விரும்புகிறவன் கடலோடும் மழையோடும் ஒரு உடன்படிக்கை செய்துகொள்கிறான். அதில் அவனுக்கும் ஒரு பங்கு வேலை உண்டு. அந்தப் பங்கை அன்ரோனெற் தன் தலையில் சுமந்தாள். அதற்குத் தண்டனையாகத்தான் அவளுடைய ஊரைப் பறித்தார்கள்.

இன்று, எண்பதாம் ஆண்டில், பள்ளக்கரையில் ஒரே ஒரு குடிமகன் இருக்கிறார்: மூப்பர் பேதுரு. மனைவி இறந்துவிட்டாள். யோகராசாவும் போன வருடம் மேடேறிவிட்டார். மூப்பர் மட்டும் ஆகமன ஞாயிறன்று தனியாகப் பாடி, தன் அடுப்பைத் தானே நனைக்கிறார். போன மார்கழியில் நீர் கட்டி வீங்கிய காலோடு அவரால் பள்ளிக்கூடத்துக்கு நடக்க முடியவில்லை. மதகு திறந்திருந்ததால் வெள்ளம் முந்தியளவு நிற்கவில்லை. ஆனால் குழியிலும் குழியான அவருடைய வீட்டுக்கு அதுவே போதுமாயிருந்தது. அன்ரோனெற்றும் கிறகரியும் போனபோது, மேசைக்கு மேல் கதிரை, கதிரைக்கு மேல் அவர், கழுத்தில் செபமாலை.

"நான் வரேல்லை," என்றார். "நானும் ஏறினால் ஊர் முடிஞ்சுது."

"ஊர் மேல இருக்கு மூப்பரையா. நீங்கள்தான் கீழ இருக்கிறியள்," என்று சொல்லி அன்ரோனெற் அவருடைய ஒரு கையைத் தோளில் போட்டுக்கொண்டாள். மறுகையைக் கிறகரி பிடித்தான். அவர் வழி நெடுகத் திட்டினார். ஆனால் பிடியை விடவில்லை.

இந்தக் கோடையில் அவருடைய வளவில் மண் விழத் தொடங்கியிருக்கிறது. அவர் கதிரையில் இருந்துகொண்டு அது அகங்காரம் என்று எச்சரிக்கிறார். ஒவ்வொரு கடகம் கொட்டும்போதும், "அங்க இல்லை, இஞ்சால கொட்டு" என்றும் சொல்கிறார். மேடு இன்னும் முழங்காலளவு வரவில்லை. அன்ரோனெற்றுக்கு முழங்கால் வலி. மழைக்கு அதிக நாளில்லை.

வாசகரே, இதைப் படித்து முடித்ததும் சிரித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். மன்னார்ப் பக்கம் போகிறவரானால் தலைமன்னார் றோட்டில் இறங்கி, கடற்பக்கமாக நடந்து, மூப்பரின் வளவில் ஒரு கடகம் மண் கொட்டிவிட்டுப் போங்கள். அவ்வளவு தூரம் முடியாதென்றால், இன்று பின்னேரமே உங்கள் தெரு ஒழுங்கையில் நடந்து, எல்லாவற்றிலும் தாழ்ந்த வீடு எது என்று பாருங்கள். அது உங்களுடையது என்றால் நாளைக் காலையே மண்வெட்டியை எடுங்கள். வேறொருவருடையது என்றால், அவர் திட்டினாலும் பரவாயில்லை, முதல் கடகத்தை நீங்கள் கொண்டுபோய்க் கொட்டுங்கள்.